ஏரோப்பிளேன் ஒழுகுது சார்!

வங்கியில் கல்விக் கடன் மேஜையில் உட்கார்ந்தால் விதவிதமான காரணங்கள் காதில் விழும். காலேஜ் ஸ்ட்ரைக், ரிசல்ட் வரலை, விசா வரலை... எல்லாம் பழகிப் போச்சு. ஆனா போன வருஷம் மழைக்காலத்தில் ஒருத்தர் வந்து சொன்னது எனக்கு முற்றிலும் புதுசு.

"சார், ஏரோப்பிளேன் ஒழுகுதாம். பாப்பாவுக்கு கிளாஸ் இல்லை."

தாராவியில் தோல் பை தைக்கிற சின்ன பட்டறை வைத்திருப்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், நம்ம ஊர்க்காரர். பொண்ணு பைலட் படிக்கிறாள். பட்டறை, வீடு எல்லாம் சேர்த்துத்தான் கடன். நம்ம நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்து 1 வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வட்டிக்கு மழையும் தெரியாது, ஒழுகலும் தெரியாது. விமானம் ஹாங்கரில் நின்றால் மணி ஏறாது, வட்டி மட்டும் ஏறும். அவர் கவலை அதுதான்.

"எங்க சந்துல டின் தட்டுறவர் அரை மணியில அடைச்சுக் குடுத்துடுவார் சார். இவங்க 3 வாரம்ங்கிறாங்க. ஏமாத்துறாங்களோ?" என்றார்.

தாராவியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். பழைய எண்ணெய் டின்னைக் கழுவி, ஒடுக்கு எடுத்து, புதுசு மாதிரி திருப்பி அனுப்புகிற கைகள் அங்கே இருக்கு. நானோ பி.காம். எனக்குத் தெரிந்த டேங்க் எல்லாம் மொட்டைமாடி தண்ணீர் டேங்க்தான். அதனால் செம்பூரில் எங்கள் கட்டிடத்துக்கு அடுத்த கட்டிடத்தில் இருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். விமானப் பராமரிப்பு எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை காபிப்பொடி வாங்க மாட்டுங்கா போவார். கூடவே தொற்றிக்கொண்டேன்.

"என்ன பிளேன்?"

"செஸ்னா 152-ன்னு சொன்னார் அண்ணாச்சி."

"அப்படின்னா ஒழுகத்தான் செய்யும். 1977-ல செய்ய ஆரம்பிச்சு 1985-ல நிறுத்திட்டான்லா. உலகத்துல எந்த 152-ஐ எடுத்தாலும் நாப்பது வயசு ஆச்சு தம்பி."

அப்புறம் கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் பாடம்தான். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

சின்ன விமானங்களில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் இறக்கைக்குள் இருக்கும். மூணு வகை. ஒன்று, தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய அலுமினியத் தொட்டி. இரண்டு, இறக்கைக்குள் விரித்து வைத்த ரப்பர் பை. மூன்று, இறக்கையின் ஒரு பகுதியையே மூட்டுகளில் பசை பூசித் தொட்டியாக்கி விடுவது. ரப்பர் காய்ந்து வெடிக்கும். பசை வருஷக்கணக்கில் இறுகி உரியும். அலுமினியம் பற்றவைத்த இடத்தில் விரியும், ஈரம் தங்குகிற இடத்தில் அரித்துப் போகும். 152-ல் இருப்பது முதல் வகை, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு. இரண்டும் சேர்த்து 26 அமெரிக்க கேலன், அதாவது 98 லிட்டர். இறக்கை மேலே, எஞ்சின் கீழே என்பதால் பம்ப் கூட கிடையாது, நம்ம மொட்டைமாடி டேங்க் மாதிரி பெட்ரோல் தானாகவே இறங்கி வரும்.

ஒழுகுவதை முதலில் காட்டிக் கொடுப்பது நிறம். இந்த பெட்ரோலுக்குப் பெயர் ஏவிகேஸ் 100 எல்எல், நீலச் சாயம் கலந்திருப்பார்கள். இறக்கைக்கு அடியில் நீலக் கறை தெரிந்தால் விஷயம் இருக்கு என்று அர்த்தம். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, 30 நிமிஷத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்களாம். முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் வெறும் கறை. ஒன்றரை அங்குலம் வரை போனால் கசிவு. 4 அங்குலம் வரை போனால் கடும் கசிவு. சொட்டினால் ஓட்டம். காற்று புகாத மூடிய இடத்துக்குள் கசிந்தால் சின்னதானாலும் பறக்கக் கூடாது, ஏனென்றால் ஆவி தேங்கும்.

"ஆனா கறை இருக்க இடத்துல ஓட்டை இருக்காது தம்பி. அதுதான் சூட்சுமம்" என்றார். மழை பெய்தால் நம்ம வீட்டில் ஹாலில் ஒழுகும், விரிசல் பெட்ரூம் மேலே இருக்குமே, அதே கதை. பெட்ரோல் உள்ளுக்குள்ளேயே சரிந்து ஓடி, தாழ்வான இடத்தில் எட்டிப் பார்க்கும்.

அதனால் தேட வேண்டும். மூடி, வடிகால் வால்வு, அளவு காட்டும் கருவியின் வாஷர் என்று மலிவான சந்தேகங்கள் முதலில். அங்கே இல்லையென்றால் தொட்டியைக் காலி செய்து, இறக்கையின் மேல்மூடியைக் கழற்றி, குழாய், ஒயர், கட்டுப்பட்டை எல்லாம் அவிழ்த்து வெளியே எடுக்க வேண்டும். துளைகளை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றி, மேலே சோப்புத் தண்ணீர். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் பார்க்கிற வித்தையேதான்! காற்றை அதிகம் ஏற்றினால் மட்டும் தொட்டியே பிதுங்கிப் போகும்.

"சரி, ஓட்டை தெரிஞ்சாச்சு. உடனே பத்தவைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அண்ணாச்சி நின்றுவிட்டார்.

"என்ன இப்படிக் கேக்கீய! நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்க்தான் ஆபத்து. உள்ள இருக்க ஆவிதானே வெடிக்கும்? அதை முழுசா வெளியேத்தணும். நீராவியில கழுவணும், சோதிக்கணும். அப்புறம்தான் நெருப்பையே பக்கத்துல கொண்டு போகணும்."

ஒரு குறுக்கு வழியும் உண்டாம். உள்ளே ஒரு திரவத்தை ஊற்றி, குலுக்கி, பூச்சாகப் படிய விடுவது. ஒழுகல் உடனே நிற்கும். சில வருஷம் கழித்து அந்தப் பூச்சு தோல் தோலாக உரிந்து, பெட்ரோல் போகும் குழாயை அடைக்கும். தரையில் ஒழுகிய பிரச்சினை வானத்தில் எஞ்சின் நிற்கிற பிரச்சினையாக மாறிவிடும்.

பசை போட்டு அடைக்கும் வகையிலும் இதே கறார். பழைய பசையை இரும்பால் சுரண்டக் கூடாது, பிளாஸ்டிக் சுரண்டிதான். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அங்கே அரிப்பு ஆரம்பிக்கும். புதுப் பசைக்குக் காலாவதித் தேதி உண்டு. பம்பாய் மழையில் காற்றின் ஈரத்துக்கு அது சீக்கிரமே இறுகத் தொடங்கும், அதற்குள் பூசி முடிக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்து, தொட்டியைத் திரும்ப மாட்டி, பெட்ரோல் நிரப்பி, இரவு முழுக்க வைத்துப் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டு... கடைசியில் உரிமம் பெற்ற எஞ்சினியர் ஒருத்தர், விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"தாராவிக்காரன் கைக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. என்னை விட நல்லாவே அடைப்பான். ஆனா என்ன உலோகம், எந்தப் பசை, யாரு சோதிச்சான்னு எழுதின காகிதம் இருக்காது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் அந்தப் பொண்ணு தனியா மேல போவா. அவசரப்படாம இருக்கான்லா அந்தப் பையன், அவன் நல்ல எஞ்சினியர்."

காகிதம், கையெழுத்து என்றால் எனக்குப் புரியும். 20 வருஷமாக அதைத்தானே செய்கிறேன்? நான் கையெழுத்துப் போட்ட கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு நஷ்டம், எனக்கு மெமோ. அவர்கள் கையெழுத்து தப்பினால் மெமோ வாங்க ஆள் இருக்கலாம், விமானத்தில் போன பிள்ளை இருக்காது.

மறுநாள் பட்டறைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பையில தையல் விட்டா திருப்பிக் கொண்டாந்து தருவாங்க சார், தைச்சுக் குடுப்பேன். இது திருப்பிக் கொண்டாற முடியாத சரக்கு, இல்லையா?" என்றார். நான் ஒன்றரை மணி நேரம் கேட்டதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கடைசியில் 23 நாள் ஆச்சு. அந்த நாட்களின் வட்டியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை, என்னாலும் முடியாது, விதி அப்படி. அவர் மேலும் இரண்டு ஆர்டர் பிடித்துச் சமாளித்தார்.

பிள்ளைகளைப் பறக்க அனுப்ப நினைக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஃபீஸ் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை விமானம் இருக்கு, அதில் இன்றைக்குப் பறக்கும் நிலையில் எத்தனை, ஒன்று பழுதானால் பிள்ளைக்கு மாற்று விமானம் உண்டா, பராமரிப்பு எஞ்சினியர் அங்கேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். தாமதத்துக்கும் சேர்த்துக் கடன் கணக்குப் போடுங்கள். முடிந்தால் ஹாங்கருக்குள் ஒரு நடை போய், இறக்கைக்கு அடியில் குனிந்து பாருங்கள். நீலக் கறை தெரிந்தால் கேட்கத் தயங்காதீர்கள். "இன்னும் சரியாகலை, பறக்க விடமாட்டேன்" என்று பதில் வந்தால் கோபப்படாதீர்கள். அப்படிச் சொல்ல ஆள் இருக்கிற இடம்தான் நல்ல இடம்.