கோவையும் அடுக்கும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருவனுக்குக் கணினியோடு என்ன தொடர்பு என வினவுவோர் உளர். அவ்வாறு வினவியோருள் நானும் ஒருவன். திருக்குறள் மூலத்தை எக்ஸ்.எம்.எல். வடிவில் ஒழுங்குசெய்யும் பணியை விரிவுரையாளர் ஒருவர் என்னிடம் ஒப்படைத்த பின்னரே அவ்வினா என்னை விட்டு நீங்கிற்று.

விடுதியில் இரவு வேளைகளில் நான் தட்டெழுதி அடையாளமிட்ட கோப்பு தட்டையானது. 133 தலைப்புகளும் 1330 குறள்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நிலையில், உடன்பிறந்தார்போல் நின்றன. படிக்கும் கண், தலைப்பைக் கண்டதும் அதன் கீழுள்ள பத்தும் அதற்குரியவை என உணர்ந்துகொள்ளும். கணினிக்கோ முன்னது, பின்னது என்பதே தெரியும். ஒன்றனுள் ஒன்று அடங்கும் என்பதை நாமே சொல்லவேண்டும். குறள்கள் அதிகாரத்தினுள்ளும், அதிகாரங்கள் இயலினுள்ளும், இயல்கள் பாலினுள்ளும் அடங்குமாறு கோப்பை மாற்றியமைத்தலே என் பணி.

இதற்கு உதவுவது எக்ஸ்.எஸ்.எல்.ரி. என்னும் மொழி. 1999இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பில், ஒவ்வொரு குறளுக்கும் முன்னே மிக அண்மையில் நிற்கும் தலைப்பைத் தேடி, அதனோடு அக்குறளை இணைக்குமாறு விதி எழுதவேண்டியிருந்தது. 2007இல் வந்த இரண்டாம் பதிப்போ, 'தலைப்பு வருந்தோறும் புதிய குழுவைத் தொடங்குக' என நேரே கட்டளையிட இடந்தந்தது. விஞ்ஞானபீட நண்பன் ஒருவனின் துணையோடு அவ்விதியை எழுதி இயக்கினேன்.

கிடைத்த அதிகாரங்கள் 132, குறள்கள் 1331! தேடிப் பார்த்தபோது, 'நட்பு' என்னும் தலைப்பை நான் குறளென அடையாளமிட்டிருந்தமை புலனாயிற்று. அதனால் நட்பின் பத்துக் குறள்களும் முந்திய 'படைச்செருக்கு' அதிகாரத்தினுள் குடிபுகுந்துவிட்டன. பத்துப் பத்தாக அமைந்த நூலின் எண்ணொழுங்கே என் பிழையைக் காட்டிக்கொடுத்தது.

பிழையைத் திருத்துதல் எளிதாயிற்று. அடுத்த படிதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. நட்பு எந்த இயலைச் சாரும்? பரிமேலழகர் வழியில் பொருட்பால் அரசியல் 25, அங்கவியல் 32, ஒழிபியல் 13 அதிகாரங்கள் என மூவியலாகும். அங்கே நட்பு, படையோடு அங்கவியலுள் ஒருங்கிருக்கும். வேறு சில பதிப்புகளில் அந்த 32 அதிகாரங்களும் அமைச்சியல் 10, அரணியல் 2, கூழியல் 1, படையியல் 2, நட்பியல் 17 எனப் பிரியும். அங்கே 79ஆம் அதிகாரமாகிய நட்பு தனியியல் ஒன்றின் தலைவாயிலாகும். அரசின் உறுப்புகளுள் ஒன்றா நட்பு, அன்றித் தனியே வைத்து எண்ணத்தக்க பொருளா? பரீட்சையில் 'உரை வேறுபாடு' என இரு பக்கமும் எழுதித் தப்பிய எனக்கு இங்கு தப்ப வழியில்லை. ஓர் அடுக்கில் ஓர் அதிகாரம் ஓர் இயலினுள் மட்டுமே அமர இயலும்.

மூன்று நாள் தயங்கியபின், தட்டைக் கோப்பை இருந்தவாறே விட்டு இரு விதித்தொகுதிகள் எழுதினேன். ஒன்று பொருட்பாலில் 39, 64, 96ஆம் அதிகாரங்களில் புதிய இயலைத் தொடங்கும். மற்றையது அவற்றோடு 74, 76, 77, 79 ஆகியவற்றிலும் தொடங்கும். தட்டைக் கோவை மூலம் போன்றது. அடுக்கு உரை போன்றது. உரை பல வரலாம். எந்த உரையும் மூலத்தை அழித்து அதன்மேல் எழுதப்படலாகாது.

உரைகள் வேறுபடும் இடங்களை இப்போது படிக்கும்போது, எதனை எதனுள் வைப்பது என முன்னொருவர் அங்கே தயங்கி நின்றிருப்பார் என எண்ணிக்கொள்கிறேன்.