பிரித்துப் போட ஒரு கார்

கெடுத்துப் பார்ப்பதற்கென்று ஆண்பிள்ளைகளுக்கு வீட்டில் எப்போதும் ஏதாவது கிடைத்துவிடுகிறது. நின்றுபோன கடிகாரம், கரகரக்கும் ரேடியோ, செயின் கழன்ற சைக்கிள். என் தம்பிக்குப் பதினான்கு வயதில் அப்பாவின் டிவிஎஸ் 50 கிடைத்தது. பிரித்தான், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. கடைசியில் வண்டி பழைய இரும்புக்குப் போனது. முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அது சிரிப்புக் கதை. “அப்பவே அவனுக்கு மெக்கானிக் மூளை” என்று அம்மா பெருமையாக முடிப்பார்.

அம்மாவின் மூளையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. தையல் மெஷினின் பாபின் கேஸைக் கழற்றி, நூல்பிசிறு எடுத்து, எண்ணெய் விட்டு, தளர்ந்த பெல்ட்டை அளவாக வெட்டிப் பூட்டுவது அவர்தான். குக்கர் கேஸ்கட்டும் ஸ்டவ் பர்னரும் அவர் பொறுப்புதான். அதற்கு ‘வீட்டு வேலை’ என்று பெயர். பெண் இயந்திரத்தைத் தொடலாம். ஆனால் மறுநாள் காலை அது ஓடியாக வேண்டும். உருப்படாமல் போகவும் வாய்ப்புள்ள ஒன்றை, வெறும் ஆசைக்காகப் பிரித்துப் பார்க்கும் அனுமதி அவளுக்கு இல்லை.

2023இல் நான் ஓடாத மாருதி 800 ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கியது அந்த அனுமதியை நானே எடுத்துக்கொள்வதற்காகத்தான். தண்ணீர் இல்லாமல் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆகிப்போன 2007ஆம் ஆண்டு வண்டி. அந்த இன்ஜினை இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்ற வேண்டும், என் கையால். மாருதி 800 இதற்கு ஏற்ற வண்டி. 1983 முதல் 2014 தொடக்கம் வரை தயாரானது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் உள்ளும் புறமும் தெரியும்.

இன்ஜினை மாற்றப் போகிறவர் வாங்குவது பாடியையும் காகிதத்தையும்தான். ஓடுகிற வண்டிக்கு அதிக விலை கொடுத்து, அதன் இன்ஜினைத் தூக்கிப் போடுவதில் அர்த்தமில்லை. துணைக்கு வந்த ஆண் நண்பரிடம்தான் விற்பவர் பேசிக்கொண்டிருந்தார். “சார், லேசாத்தான் பிடிச்சிருக்கு. தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும்.” நான் மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். கதவுகளின் அடிவிளிம்பு, ஷாக் அப்சார்பர் உட்காரும் இடம், பின்சக்கர வளைவு என்று துரு பிடிக்கும் இடங்களையெல்லாம் பார்த்தேன். கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு அழுத்தினேன். அசையவில்லை.

“இன்ஜினுக்கு நான் காசு தரலைங்க. பாடிக்கும் ஆர்சிக்கும் மட்டும் விலை சொல்லுங்க” என்றேன். அப்போதுதான் அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். 40,000 என்று தொடங்கியது 22,000இல் நின்றது. வண்டியில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டேன். பதினைந்து ஆண்டு முடிந்து, 2027 வரை புதுப்பித்திருந்தார்கள். வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருந்தது. படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுத்தேன்.

“அரைப் பவுன் எடுத்திருக்கலாமேடி” என்றார் அம்மா. எடுத்திருக்கலாம். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் பவுனை ஒரு பெண் தன் ஆசைக்கு அழித்ததை எங்கள் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தம்பிமார் தொழிலுக்கும் மட்டுமே அது அடகுக்குப் போகும்.

மாற்று இன்ஜினுக்குச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய இன்னொரு 800இன் இன்ஜின், 18,000 ரூபாய். “வீட்டுக்காரர் வரலையா மேடம்?” என்றார் கடைக்காரர். நான் ஆயில் மூடியைத் திறந்து அடியில் பார்த்தேன். பால்போல வெள்ளைப் பசை படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். இதில் அது இல்லை. பில்லும், அந்தப் பழைய வண்டியின் ஆர்சி நகலும் கேட்டு வாங்கினேன். காகிதம் இல்லாத இன்ஜின் திருட்டு வண்டியுடையதாகவும் இருக்கலாம்.

ஜென் காரின் 993 சிசி இன்ஜினைப் போட்டால் பறக்கலாம் என்று என் மாணவர்கள் ஆசை காட்டினார்கள். வேகம் கூடினால் பிரேக்கும் அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும். சட்டமும் இருக்கிறது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதே மாடல் இன்ஜின் என்றாலும் அதன் எண்ணை முறையாகப் பதிந்தாக வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பும்போது கவனித்தேன், இன்ஜினுக்கு ஓர் எண் போதும். எனக்குத்தான் இன்னாரின் மகள் அல்லது மனைவி என்று ஒரு கட்டம் கூடுதலாக வேண்டியிருந்தது.

புறநகரில் ஒரு மெக்கானிக் அண்ணன் தன் ஷெட்டில் இடம் கொடுத்தார். “சொல்லித் தரேன் டீச்சர், ஆனா துப்பட்டாவைக் கழட்டி வச்சிட்டு வாங்க. ஃபேன் பெல்ட்டுக்கு ஆம்பள பொம்பள தெரியாது” என்றார். அந்த ஷெட்டில் கேட்ட மிக நியாயமான வாக்கியம் அது.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பேட்டரியைக் கழற்றி, கூலன்ட்டையும் ஆயிலையும் வடித்தோம். ஒவ்வொரு வயருக்கும் ஹோஸுக்கும் டேப் ஒட்டி எண் போட்டேன். ஏட்டுச்சுவடியில் பாடவேறுபாடு குறித்துப் பழகிய கைக்கு அது எளிதாகவே இருந்தது. சைலன்சரை விடுவித்து, முன்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு ஆக்சில்களை உருவி, மவுண்ட்களைத் தளர்த்தி, செயின் பிளாக்கில் இன்ஜினைத் தூக்கினோம். புதிதாக ஏறப்போகிற இன்ஜினுக்குக் கிளட்ச் பிளேட், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட் மூன்றையும் வெளியில் இருக்கும்போதே மாற்றினோம். ஏற்றிய பிறகு சீல் கசிந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

ஆக்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புறநானூற்றின் 102ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. உப்பு வணிகர்கள் மேடுபள்ளம் தெரியாத வழியில் போகிறார்கள் என்பதால் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிவைக்கிறார்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். வகுப்பில் உவமை நயத்துக்காகவே இந்தப் பாட்டைச் சொல்லுவோம். எனக்கு அன்று வேறொன்று பட்டது. வண்டிக்கு அடியில் என்ன கட்டியிருக்கிறது, எதற்காக என்று ஒரு பெண் குனிந்து பார்த்திருக்கிறாள். பார்த்ததை அரசவைப் பாட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறாள்.

ஐந்தாம் ஞாயிறு மாலை, மூன்றாவது முயற்சியில் இன்ஜின் ஓடியது. கிளட்ச், பெல்ட், சீல், ஆயில், ஷெட் வாடகை எல்லாம் சேர்த்து 54,000 ரூபாய் செலவு. அதே பணத்துக்கு ஓடுகிற 800 ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் உண்டு. கணக்கு சரிதான். இது நஷ்டம்.

நஷ்டம் என்றே சொல்ல விரும்புகிறேன். பெண்களின் ஆசைகளுக்கு நாம் எப்போதும் ஒரு லாபத்தைக் காட்டிவிடுகிறோம்: தையல் கற்றால் சம்பாதிக்கலாம், கார் ஓட்டக் கற்றால் பிள்ளையைப் பள்ளியில் விடலாம். இந்தக் கார் யாரையும் பள்ளியில் விடுவதற்காக வாங்கியதல்ல. நகத்தடியில் கிரீஸோடு திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, பாடம் முடிந்ததும் கேட்டாள்: “மேம், அடுத்த வாரம் நானும் வரட்டுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“தெரியாமத்தான் வரணும்” என்றேன்.