மணியைக் கொடுத்துவிடாதே

பவானிபூர், கொல்கத்தா - 25
நவம்பர் 18

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனில் உன் குரல் உடைந்தது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. நம் நாய் மணியைத் தோட்டத்துக்காரர் யாரிடமோ விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். விடாதே. கொஞ்ச நாள் பொறு. போனில் சொன்னால் பாதி நழுவிவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில், மணி கடித்த அந்த சிலிண்டர்காரர். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினீர்களா? ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிகளில் ஒன்றுகூடத் தவறாமல் எல்லா ஊசியும் போட்டு முடிக்கும்வரை நீயே கூட்டிக்கொண்டு போ. மணிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதே. நம் வாசலுக்கு வேலையாக வந்த மனுஷர் அவர்.

நீ சொன்னதை எல்லாம் படுத்தபடி திரும்பத் திரும்ப யோசித்தேன். அம்மா பாய் விரிக்கப் போய், தூங்குகிறவனைத் தொட்டு நகர்த்தினாள், கையைப் பிடித்தான். பால்காரர் பின்னாலிருந்து முதுகைத் தடவினார், திரும்பிக் கடித்தான். சிலிண்டர்காரரும் அவன் முதுகுப் பக்கமாகத்தான் வந்திருக்கிறார். மூன்று தடவையும் ஆள் வருவது அவனுக்குத் தெரியவில்லை. தம்பி, மணிக்குக் காது கேட்கிறதா?

மணியைப் போன்ற ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற குறை அது. கூப்பிட்டால் வருகிறானே என்பாய். உன் முகத்தையும் கையையும் பார்த்து வருகிறானோ என்னவோ. அவன் தூங்கும்போது அடுத்த அறையிலிருந்து விசிலடித்துப் பார். தட்டைத் தரையில் போட்டுப் பார்க்காதே, அதிர்வு காலுக்குத் தெரிந்துவிடும். காதாவது அசைகிறதா என்று கவனி. அப்புறம் கால்நடை டாக்டரிடம் காட்டு. காதில் சீழ், பல்வலி, இடுப்புவலி எது இருந்தாலும் தொட்டவுடன் கடிக்கத்தான் செய்யும்.

செவிடு என்றே தெரிந்தாலும் பயப்படாதே. எழுப்பும்போது கறித்துண்டை மூக்குக்கு அருகே நீட்டுங்கள், வாசனையில் அவனே கண் திறப்பான். ‘சபாஷ்’ என்பதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி உடனே தின்னக் கொடு. வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும்.

காது நன்றாகக் கேட்கிறது என்றால் எங்கள் நாய் லாலுவின் கதை உனக்கு உதவும். ஜதுபாபு பஜாருக்குப் பின்சந்தில் கிடந்த குட்டி அவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அவன் பட்ட பாட்டை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. இந்தப் பக்கம் இன்னும் ஆள் இழுக்கிற ரிக்‌ஷா ஓடுகிறது. இழுக்கிறவர் விரலில் ஒரு மணியை மாட்டிக்கொண்டு கைப்பிடியில் தட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், லாலு வெறி வந்தவன் மாதிரி பாய்வான். நான் செருப்பால் அடித்தேன். சொல்லவே கூசுகிறது, ஆனாலும் உனக்குத் தெரிய வேண்டும். ஒரு மாதத்தில் உறுமுவதை நிறுத்தினான். திருந்திவிட்டான் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் உன் அத்தானின் முழங்கையைக் கவ்விவிட்டான். உறுமல் என்பது ‘கிட்டே வராதே’ என்று அவன் சொல்கிற சொல். அதை நான் அடித்து அடக்கினேன். உள்ளே இருந்த பயம் அப்படியே இருந்தது.

உங்கள் ஊர்ப் பயிற்சியாளர் ‘நீதான் எசமான் என்று காட்டு, கழுத்துச் சங்கிலியைச் சுண்டு’ என்றாராமே. அந்த எண்ணத்துக்கு வேர், 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் இருக்கிறது. அதை 1970-ல் தன் புத்தகத்தால் பரப்பிய டேவிட் மெக் என்பவரே, 1999-ல் காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று எழுதித் திருத்தினார். சங்கிலியைச் சுண்டுவது மணியின் பயத்தோடு வலியையும் சேர்க்கும், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு கால்நடை டாக்டர் வேறு வழி சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் ஹரிஷ் பார்க் பக்கம் போவோம். ரிக்‌ஷா அறுபது அடி தூரத்தில் இருந்தால் லாலு பார்ப்பான், காது நிமிரும், ஆனால் என் கையிலிருந்து கோழி ஈரலை வாங்கித் தின்பான். நாற்பது அடிக்கு வந்தால் ஈரலைத் திரும்பியும் பார்க்க மாட்டான். அந்த இடைவெளியில்தான் வேலை எல்லாம். அவன் தின்னக்கூடிய தூரத்தில் நில். முதலில் மணிச்சத்தம், அப்புறம் ஈரல், இந்த வரிசை மாறக்கூடாது. ஈரலை முதலில் காட்டினால், ஏதோ வரப்போகிறது என்று ஈரலைப் பார்த்தே மிரளுவான். பத்து நிமிஷம் போதும். சில வாரத்துக்கு ஒருமுறை நாலடி கிட்டே போனோம்.

இந்த வழி நாய்க்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1924-ல் எழுதியது, மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற பையனைப் பற்றி. முயலைக் கண்டு அலறுகிறவன். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் முயலைத் தடவிக்கொடுத்தான். எனக்கு அதைப் படித்ததும் லாலுவின் முகம்தான் தெரிந்தது.

லாலுவின் பயிற்சிக்கு நடுவில் காளி பூஜை வந்தது. இரண்டு ராத்திரி வெடிச் சத்தம். ஆறு மாத உழைப்பு போய்விட்டது என்று அழுதேன். டாக்டர், ஒரு வாரம் வெளியே கூட்டிப்போகாமல் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி தூரத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்றார். மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டான். இப்போது ரிக்‌ஷா மணி ஒலித்தால் அதைப் பார்க்கிறான், உடனே திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். அந்தப் பார்வைக்காக எத்தனை மாதம் வேண்டுமானாலும் நின்றிருப்பேன். ஆனாலும் ரிக்‌ஷாக்காரர் யாரையும் அவனைத் தொட விட்டதில்லை. விடவும் மாட்டேன்.

மணி இப்படித் தேறும்வரை அவனை வாசலில் நாள் முழுக்கக் கட்டிப் போடாதே. விலகி ஓட முடியாத நாய்க்குக் கடிப்பது ஒன்றுதான் மிச்சம். ஆள் வருகிற நேரத்தில் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்து. அம்மாவிடம் சொல்லிவை, பாய் விரிக்கும்போது அவனைத் தாண்டிப் போக வேண்டாம் என்று.

லாலுவுக்கு வாங்கின மாதிரி ஒரு வாய்க்கூடு மணிக்கும் வாங்கி அனுப்புகிறேன். அதைப் போட்டுக்கொண்டே மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வந்ததும் மாட்டிவிடாதே. பத்து நாள் அதற்குள் கறித்துண்டு வைத்து, அவனே மூக்கை விடட்டும். மூக்கு நீளமும் சுற்றளவும் நூல் வைத்து அளந்து சொல், தூங்கும்போது அளக்காதே. இன்று ராத்திரியே விசிலடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு. எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அக்கா