கோ தாவ்: நீருக்கடியில் மூச்சுவிடக் கற்பிக்கும் தீவு

தாய்லாந்து வளைகுடாவின் மேற்குப் பகுதியில், சூரத் தானி மாகாணத்தைச் சேர்ந்த கோ தாவ், ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பே உடைய மலைப்பாங்கான தீவாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசியல் கைதிகள் அடைத்துவைக்கப்பட்டிருந்த இத்தீவு, போருக்குப் பின் அருகிலுள்ள பங்கான் தீவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் தென்னந்தோப்பாகவும் மீன்பிடித் துறையாகவும் இருந்து, 1980களில் முதுகுப்பையுடன் குறைந்த செலவில் நாடுகள் சுற்றும் இளைஞர்கள் வரத்தொடங்கிய பிறகு முற்றிலும் வேறொரு தொழிலுக்கு மாறியது. காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலில் மூழ்கும் ஸ்கூபா கலையில் ஆண்டுதோறும் மிக அதிகமானோர் முதற்சான்றிதழ் பெறும் இடங்களுள் ஒன்றாக இன்று அது விளங்குகிறது.

தீவின் இயற்கை அமைப்பு இம்மாற்றத்துக்குத் துணைநின்றது. தாய்லாந்து வளைகுடா ஆழங்குறைந்த கடல். ஆண்டின் பெரும்பகுதியில் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்ற பவளத்திட்டுகள் கரையிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணத்தில் அமைந்துள்ளன. நாங் யுவான் தீவையொட்டிய ‘ஜப்பானியத் தோட்டம்’ என்னும் பகுதி அவற்றுள் ஒன்று. சும்போன் துறைமுகத்திலிருந்து படகில் வந்து மே ஹாட் துறையில் இறங்கும் பயணிக்கு, சைரீ கடற்கரை நெடுகிலும் பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகளே தென்படும். பயிற்சிக் கட்டணத்துடன் தங்குமிடத்தையும் சேர்த்தோ சலுகை விலையிலோ கொடுப்பது இங்குள்ள வழக்கமாதலால், கையில் பணம் குறைவாக உள்ளவரும் மூன்று அல்லது நான்கு நாள்களில் ‘ஓப்பன் வாட்டர்’ எனப்படும் முதல்நிலைச் சான்றிதழைப் பெற்றுவிட முடிகிறது.

சுவாசிப்பவரின் தேவைக்கேற்பத் தானே காற்றைத் திறந்துவிடும் கருவியை 1943இல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் உருவாக்கியதிலிருந்து இக்கலையின் இன்றைய வடிவம் தொடங்குகிறது. ரெகுலேட்டர் எனப்படும் அக்கருவி, சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட காற்றை, மூழ்குபவரைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்கு இறக்கி வாய்க்கு அளிக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்காகவும் 20 மீட்டரில் மும்மடங்காகவும் ஆகிறது. அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் அதே விகிதத்தில் சுருங்கும் என்னும் பாயில் விதியின்படி, மேற்பரப்பில் ஒரு மணி நேரம் வரக்கூடிய காற்று 20 மீட்டர் ஆழத்தில் இருபது நிமிடங்களே வரும். ஆழத்தில் மூச்சை நிரப்பி அடக்கிக்கொண்டு மேலேறினால், நுரையீரலுக்குள் விரியும் காற்று அதன் திசுக்களையே கிழித்துவிடக்கூடும். எனவேதான், எந்த நிலையிலும் மூச்சை அடக்கக்கூடாது என்பது முதல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. முத்துக்குளிப்போர் தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த மூச்சடக்கும் கலைக்கு இது நேர் எதிரானது.

பயிற்சி நீச்சல்குளத்திலோ இடுப்பளவு கடல்நீரிலோ தொடங்குகிறது. 1966இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட பாடி என்னும் பயிற்சி அமைப்பின் விதிகளின்படி, மாணவர் 10 வயது நிரம்பியவராகவும், உடல்நல வினாப்படிவத்தை நிரப்பியவராகவும், 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் வல்லவராகவும் இருத்தல் வேண்டும். முகமூடிக்குள் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுதல், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரைக் கையால் துழாவி மீட்டல், காற்று தீர்ந்தால் இணையாளரின் மாற்றுக் குழாயைப் பெறுதல், மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதுகளின் அழுத்தத்தைச் சமன்செய்தல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கப்படுகின்றன. இவற்றுள் எதுவும் உடல்வலிமையை வேண்டுவதில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் படும்போது மேற்பரப்புக்குப் பாயத் துடிக்கும் உடலின் இயல்பை அடக்கி, நின்று, மூச்சுவிட்டு, பின்னர் செயற்படும் ஒழுங்கே பயிற்சியின் உட்பொருள்.

இக்கலையின் உயர்நிலைத் திறன் மிதப்புச் சமநிலை ஆகும். மேலே எழாமலும் கீழே அமிழாமலும் நீரின் நடுவே நிலைகொள்ளும் இந்நிலையை, இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகள், காற்று ஏற்றி இறக்கக்கூடிய மேலங்கி, நுரையீரல் ஆகிய மூன்றையும் கொண்டு மூழ்குபவர் அடைகிறார். ஆழ்ந்து உள்ளிழுத்த மூச்சு சில நொடிகளில் உடலை உயர்த்துகிறது. முழுதாக வெளிவிட்ட மூச்சு தாழ்த்துகிறது. மாணவர்களை அடிமணலில் முழந்தாளிட வைத்துக் கற்பித்த பழைய முறையைப் பல பயிற்றுநர்கள் கைவிட்டு, தொடக்கத்திலிருந்தே மிதந்த நிலையில் கற்பிக்கின்றனர். ஏனெனில், மண்டியிட்டுப் பழகியவர் பவளத்தின்மேலும் மண்டியிட நேரும். ஒரு துடுப்புக்கால் உதைப்பில் ஒடியும் பவளக்கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

கடலில் நிகழும் நான்கு பயிற்சி மூழ்கல்களில், 18 மீட்டருக்கு மிகாத ஆழத்தில், ஒரு பயிற்றுநர் அதிகபட்சம் எட்டு மாணவர்களை அழைத்துச் செல்லலாம் என்பது பாடியின் வரம்பு. பேச்சுக்கு இடமில்லாத அவ்வெளியில் பயிற்றுநர் கைச்சைகைகளால் மட்டும் ஆணையிடுகிறார். கரையில் பாராட்டைக் குறிக்கும் உயர்த்திய கட்டைவிரல், நீருக்கடியில் ‘மேலே செல்வோம்’ என்னும் கட்டளையாதலால், நலமே என்று சொல்ல விரல்களை வளையமாக்கிக் காட்ட வேண்டும். அனுபவமுள்ள பயிற்றுநர் சைகைக்கு முன்பே குறிப்புகளைப் படிக்கிறார். குமிழிகள் அடிக்கடி எழுவதும், கண்கள் அகல விரிவதும், கைகள் நீந்த முற்படுவதும் அச்சத்தின் அடையாளங்களாகையால், அம்மாணவரின் தோளைப் பற்றி எதிரே நின்று, தம் மூச்சின் வேகத்தைக் கையசைவால் காட்டி, அவரை அதற்கு இணங்கச் செய்கிறார்.

மேலேறும் கட்டம் மிகுந்த கவனத்தைக் கோருகிறது. ஆழத்தில் உடலின் திசுக்களில் கரையும் நைட்ரஜன், அழுத்தம் விரைவாகக் குறைந்தால் குமிழிகளாகி மூட்டுவலி முதல் முடக்கம் வரை விளைவிக்கும் அழுத்தத்தளர்வு நோயை உண்டாக்குகிறது. பிரிட்டிஷ் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் வெளியிட்ட கட்டம் கட்டமாக மேலேறும் அட்டவணைகளே, இன்று மணிக்கட்டில் கட்டும் மூழ்குக் கணினிகளின் கணக்குக்கு அடித்தளமாக அமைந்தன. ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று ஏறுவதும், பலமுறை மூழ்கியபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறாதிருப்பதும் இதன்வழி வந்த நடைமுறைகள். தீவுக்குத் தீவு தாவி, அடுத்த நாள் விமானத்தைப் பிடிக்கத் திட்டமிடும் பயணிகள் எளிதில் மறந்துவிடும் விதி இது.

மாணவருக்குப் பெயர் தெரிந்த பயிற்றுநருக்குப் பின்னால், பெயர் தெரியாத பலரின் உழைப்பு இருக்கிறது. மிதவையில் கயிற்றைக் கட்டிப் படகை நிறுத்தும் மாலுமிகளும், சிலிண்டர்களைப் படகுக்கும் கரைக்கும் இடையே தோளில் சுமப்போரும், கம்ப்ரசர் அறையில் அவற்றை நிரப்புவோரும் இத்தொழிலின் தூண்கள். தீவின் கடின உழைப்பில் மியான்மரிலிருந்து வந்த தொழிலாளர்களின் பங்கு பெரிது. கம்ப்ரசர் காற்றை உள்ளிழுக்கும் குழாய் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால், கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் புகுந்துவிடும். அழுத்தத்தில் அதன் நச்சுத்தன்மை பெருகும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும், சிலிண்டர் சூடேறாதபடி மெதுவாக நிரப்புவதும் கவர்ச்சியற்ற வேலைகளாயினும், மாணவரின் உயிர் அவற்றில்தான் அடங்கியுள்ளது.

பயிற்றுநரின் பொருளாதார நிலையும் கவனிக்கத்தக்கது. பயணியாக வந்தவரே ஓராண்டுக்குள் பயிற்றுநராகிவிடலாம்: முதற்சான்றிதழ் பெற்று ஆறு மாதம் கழிந்திருந்து, 100 முறை மூழ்கிய பதிவும் இருந்தால், உரிய பயிற்சிக்குப்பின் அவர் தேர்வு எழுதத் தகுதி பெறுகிறார். இதற்கு முந்தைய ‘டைவ்மாஸ்டர்’ நிலையில் இருப்போர் பலர், கற்பதற்காகப் பணம் செலுத்திக்கொண்டே, ஊதியமின்றிச் சிலிண்டர் தூக்கி உதவுகின்றனர். பயிற்றுநர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி. மழையும் காற்றும் மிகும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாணவர் குறைந்தால் வருவாயும் குறைகிறது. இன்னும் தயாராகாத மாணவரிடம் ‘உங்களுக்கு மேலும் இரண்டு நாள் வேண்டும்’ என்று சொல்லும் நேர்மைக்கும், குறித்த நாளில் அடுத்த குழுவை ஏற்க வேண்டிய கட்டாயத்துக்கும் இடையே அவர் நிற்கிறார். மலிவான கட்டணத்தின் எஞ்சிய விலை இங்கேதான் செலுத்தப்படுகிறது.

இயற்கைப் பவளத்திட்டுகளின் மீதுள்ள கூட்டநெரிசலைத் தணிக்கும் நோக்குடன் 2011இல் சத்தகுட் என்னும் பழைய போர்க்கப்பல் தீவருகே மூழ்கடிக்கப்பட்டது. அது 18 மீட்டருக்கும் கீழே கிடப்பதால் மேல்நிலைப் பயிற்சி பெற்றவர்களுக்கே பயன்படுகிறது. புதிய மாணவர்களின் பாரம் ஆழமற்ற பவளத்தின்மேல்தான் தொடர்ந்து விழுகிறது.

ஆகவே, வெப்பமண்டலத் தீவொன்றில் இக்கலையைப் பயில விரும்புவோர் கட்டணப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டல் நன்று: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? மாணவர் தேறாவிட்டால் கூடுதல் நாள் தருவார்களா? அந்த நாளுக்குப் பயிற்றுநருக்கு ஊதியம் உண்டா? கம்ப்ரசர் வடிகட்டி கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? இவற்றுக்குத் தயங்காமல் விடையளிக்கும் நிலையம், கட்டணம் சற்றுக் கூடுதலாயினும், தேர்ந்தெடுக்கத் தக்கது.