வென்ற பின் எழுந்த வினா

சென்ற ஆண்டு கலைப்பீட மண்டபத்திலே நடைபெற்ற விவாத அரங்கொன்றில் நானும் ஒரு பேச்சாளராக நின்றேன். "தனித்து நிற்கும் அணுவாயுத அரசொன்றைப் பணிய வைக்க வல்லது பலமே, பேச்சன்று" என்பது விவாதப் பொருள். வடகொரியாவையே எடுத்துக்காட்டாகக் கொள்ளவேண்டுமென நடுவர்கள் முன்கூட்டியே வரையறுத்திருந்தனர். திருவுளச்சீட்டு என்னைப் பலத்தின் பக்கம் நிறுத்தியது. உள்ளூரப் பேச்சின் பக்கத்தையே விரும்பியிருந்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. கிடைத்த பக்கம் எனக்குப் பிடித்தேயிருந்தது. பலத்தைப் பற்றிப் பேசுவோருக்கு மேடை இலகுவில் வசப்பட்டுவிடுகின்றது.

1938ஆம் ஆண்டு மியூனிக் நகரிலே செக்கோசிலோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்துச் சமாதானத்தை வாங்க முயன்றோர், மறு ஆண்டே போரைப் பெற்றுக்கொண்டனர் என்று தொடங்கினேன். வடகொரியா 1985இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. 2003இல் அதிலிருந்து விலகியது. 2006 ஒக்ரோபர் 9ஆம் நாள் முதலாவது அணுப் பரிசோதனையை நடத்தியது. 2017 செப்டெம்பர் அளவில் பரிசோதனைகளின் தொகை ஆறாயிற்று. பேச்சுக்குப் பின் வெடிப்பு, வெடிப்புக்குப் பின் பேச்சு என்று நான் விரல்விட்டு எண்ணியபோது மண்டபம் கைதட்டியது. "யொங்பியொன் அணு உலையை 1994இலேயே தாக்கியழித்திருந்தால், இன்று நாம் இதனை விவாதிக்க வேண்டியே இருந்திராது" என்று முடித்தேன். கேடயம் எமது அணிக்கே கிடைத்தது.

விடுமுறைக்கு வீடு சென்றபோது அந்தக் கேடயத்தை அம்மாவிடம் காட்டி, என் பேச்சின் சாரத்தையும் எடுத்துச் சொன்னேன். அவர் முற்றத்திலிருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உலக அரசியல் அவர் படித்த பாடமன்று. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அடிச்சா அவங்கள் திருப்பி அடிக்க மாட்டாங்களோ? பக்கத்திலை இருக்கிற சனம் எங்கை போறது, பிள்ளை?"

பேச்சுவார்த்தை முறிந்தது என்ற செய்தியை வானொலியிற் கேட்டுவிட்டு இரவோடிரவாக மூட்டை கட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆதலால் அது சாதாரணமான ஐயமாகவே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கோ விடை கூறத் தெரியவில்லை. நான் இரண்டு வாரங்களாகத் திரட்டிய குறிப்புகளிலே அரசுகள் இருந்தன, தலைவர்கள் இருந்தனர், ஏவுகணைகளின் வீச்சுத் தூரங்கள்கூட இருந்தன. சனங்கள் இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் நூலகத்திலே அவ்வினாவுக்கு விடை தேட முற்பட்டேன். முதலிற் கண்ணிற்பட்டது வரைபடமே. தென்கொரியத் தலைநகராகிய சியோல், இரு கொரியாக்களையும் பிரிக்கும் எல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலேயே அமைந்துள்ளது. தென்கொரியாவின் மக்கள் தொகை 5 கோடிக்குச் சற்று மேல். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அத்தலைநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். எல்லைக்கு வடக்கே வரிசையாக நிறுத்தப்பட்டுள்ள பீரங்கிகளுக்கு அணுகுண்டு தேவையில்லை. சாதாரண எறிகணைகளே போதும். 1950இல் தொடங்கிய கொரியப் போர் 1953 யூலை 27ஆம் நாள் பன்முன்யொம்மிலே கைச்சாத்திடப்பட்ட போர்நிறுத்த உடன்படிக்கையோடு ஓய்ந்ததேயன்றி, சமாதான ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை செய்யப்படவில்லை என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

நான் மேடையிலே அத்துணை இலகுவாக உச்சரித்த 1994இன் தாக்குதல், உண்மையிலேயே ஆலோசிக்கப்பட்ட ஒன்று. அவ்வாண்டு மே, யூன் மாதங்களிலே யொங்பியொன் உலையின் எரிகோல்களை வடகொரியா அகற்றியது. அவற்றிலிருந்து குண்டுக்குரிய புளுத்தோனியத்தைப் பிரித்தெடுக்கலாம் என்பதால், அவ்வுலையைக் குண்டுவீசி அழிக்கும் திட்டத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் ஆராய்ந்தது. அப்பாற் போர் மூண்டால் நேரக்கூடிய உயிரிழப்புகளின் கணக்கே கையைக் கட்டிப்போட்டது. அவ்வேளையிலே முன்னாள் சனாதிபதி ஜிம்மி காட்டர் பியொங்யாங் சென்று கிம் இல் சுங்கைச் சந்தித்தார். கொரியாவுக்கு மேலதிகத் துருப்புகளை அனுப்புவது பற்றி வெள்ளை மாளிகையிலே ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோதே அவரது தொலைபேசி அழைப்பு வந்தது. மறு மாதம் கிம் இல் சுங் காலமானார். எனினும் பேச்சு அறுபடவில்லை. ஒக்ரோபர் 21ஆம் நாள் ஜெனீவாவிலே இணக்கம் கைச்சாத்தாயிற்று.

அந்த இணக்கத்தின் உள்ளடக்கம் எளிமையானது. வடகொரியா தனது புளுத்தோனிய வேலைகளை முடக்கிவைக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் பரிசோதகர்கள் அதனைக் கண்காணிப்பர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் 5 இலட்சம் தொன் எரிநெய்யும், மின்சாரத்துக்கென இரு மென்னீர் அணு உலைகளும் வழங்கப்படும். 2002ஆம் ஆண்டின் இறுதிவரை யொங்பியொன் முடங்கியே கிடந்தது. கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறிரு பெரிய உலைகள் கைவிடப்பட்டன. அவை பின்னர் ஒருபோதும் நிறைவு பெறவில்லை.

இது நம்பிக்கையின் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. ஒருவரையொருவர் எள்ளளவும் நம்பாதவர்களே அதனைச் செய்தனர். இரு தரப்பும் தவறின. 2003இல் முடிப்பதாகக் கூறப்பட்ட மென்னீர் உலைகளுள் முதலாவதற்கு 2002 ஓகஸ்ட் மாதத்திலேதான் அத்திவாரக் கொங்கிறீற் இடப்பட்டது. அமெரிக்கச் சனாதிபதி புஷ் அவ்வாண்டின் தொடக்கத்திலே வடகொரியாவைத் 'தீமையின் அச்சு' என்ற பட்டியலிற் சேர்த்துவிட்டிருந்தார். வடகொரியாவோ மறைவிலே யுரேனியத்தைச் செறிவூட்டும் வழியை நாடியிருந்தது. 2010இல் தன் நாட்டுக்கு வந்த அமெரிக்க விஞ்ஞானி ஒருவருக்கு அது தனது செறிவூட்டும் நிலையத்தைக் காட்டியபோது, முன்னைய ஐயம் வீணானதன்று என்பது தெளிவாயிற்று. ஆயினும் 2002இன் இறுதியிலே எரிநெய் நிறுத்தப்பட்டது, பரிசோதகர்கள் வெளியேற்றப்பட்டனர், யொங்பியொன் உலை மீண்டும் இயங்கியது, நான்கு ஆண்டுகளுக்குள் முதலாவது குண்டு வெடித்தது. ஐயத்துக்குரிய ஒரு வழியை அடைக்கப் புறப்பட்டு, அடைபட்டுக் கிடந்த வழியையும் திறந்துவிட்டனர்.

அப்போதுதான் மேடையில் நான் எண்ணிய எண்ணிக்கையின் பிழை எனக்குப் புலப்பட்டது. பேச்சுக்குப் பின் வெடிப்பு என்று எண்ணினேனே தவிர, இடையிலே கிடந்த எட்டு ஆண்டுகளை எண்ணவில்லை. நடவாத வெடிப்புகளுக்கு நாட்காட்டியிலே திகதி இருப்பதில்லை. அதனால் அவை விவாதத்துக்கும் உதவுவதில்லை.

எனினும் எதிரணியினர் அன்று கூறியது அனைத்தும் சரியென்று இப்போது எழுதினால் அதுவும் ஒரு மேடைப்பேச்சாகவே முடியும். 1953க்குப் பின்னர் கொரியாவிலே மீண்டும் பெரும்போர் மூளாததற்குப் படைபலமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. சந்திப்புகள் மாத்திரமே பேச்சாகிவிடா. 2018இல் சிங்கப்பூரிலே கைகுலுக்கிய ட்ரம்ப்பும் கிம் ஜொங் உன்னும், 2019 பெப்ரவரியில் ஹனோயிலே ஏற்பாடு செய்யப்பட்டிருந்த மதிய விருந்தையும் உண்ணாமற் கலைந்தனர். யொங்பியொன்னுக்கு ஈடாக எத்தனை தடைகளை நீக்குவது என்பதிலே அவர்கள் ஒத்துவரவில்லை. 2003இல் அணுத்திட்டத்தைக் கைவிட்ட லிபியாவின் கடாபி 2011இல் அடைந்த முடிவையும் பியொங்யாங் மறந்திருக்க நியாயமில்லை. 2022 செப்டெம்பரிலே தனது அணுவாயுத நிலை மாற்றமுடியாதது என்று அது சட்டமே இயற்றிவிட்டது. 1994இல் உலையை முடக்கினாற் போதுமென்றிருந்த பேரம் இன்று இல்லை.

அப்படியாயின் பேசுவதற்கு இனி என்ன இருக்கின்றது? 2018 செப்டெம்பரில் இரு கொரியாக்களும் செய்துகொண்ட இராணுவ உடன்படிக்கையை இங்கே நினைத்துப்பார்க்கலாம். அது ஒரு குண்டையும் அழிக்கவில்லை. எல்லையருகே படைப்பயிற்சிகளை நிறுத்தியது. காவலரண்கள் சிலவற்றை அகற்றியது. தவறுதலாக ஒரு வேட்டுத் தீர்ந்து அதுவே போராகிவிடாதிருக்க வழி செய்தது. 2023 நவம்பரில் வடக்கு அதனைக் கைவிட்டது. 2024 யூனில் தெற்கும் அதனை முற்றாக இடைநிறுத்தியது. ஆயுதங்களைக் களையும் பேச்சு தூரத்திலிருக்கலாம். தவறுதலாகப் போர் மூளாதிருக்கச் செய்யும் பேச்சு அவசரமானது. எதிரி திருந்திய பின்னரே பேசுவோம் என்று காத்திருப்பவர்கள், எல்லையிலிருந்து தொலைவில் வாழ்பவர்களாகவே இருக்கக்கூடும்.

இவ்வாண்டும் விவாத அரங்கு நடைபெறவிருக்கின்றது. முதலாம் வருடத்து மாணவர் இருவர் என் அறைக்கு வந்து பழைய குறிப்புகளைக் கேட்டனர். எந்தப் பக்கம் என்று கேட்டேன். பலத்தின் பக்கம் என்றனர். கொடுத்துவிட்டேன். கொடுக்குமுன் முதற் பக்கத்தின் மேலே, மியூனிக்குக்கும் மேலாக, இரண்டு வரிகளை எழுதிச் சேர்த்தேன். ஒன்று, எல்லையிலிருந்து சியோலுக்கு உள்ள தூரம். மற்றையது, அங்கே வாழும் சனத்தொகை.