கத்தி, கல், கண்ணாடி

அப்பாவின் மடக்குக்கத்தி (சவரக்கத்திதான், பயப்படாதீர்கள்) என்னோடு நாக்பூர்வரை வந்துவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் இரண்டு முனையும் அறுக்கும், நடுப்பகுதி மொண்ணை. கத்திக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.

தப்பு கல்லில். தீட்டுக்கல்மேல் எஃகு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் கீற்றாக ஒளி. பள்ளம்! இப்படிப்பட்ட கல் கத்தியின் முதுகையும் கோணலாகத் தின்றுவிடும். போன எஃகு திரும்பி வராது. அப்பாவின் கத்தியோ ஒன்றுதான்.

கல்லைச் சமன் செய்ய முதலில் மலிவாக ஒரு சமன்கல் வாங்கினேன். ஸ்கேலை வைத்தால் அதுவே வளைவு. வாராக்கடன்! இரண்டு கல்லை ஒன்றோடொன்று தேய்க்கலாமே என்றால், ஒன்று குழிந்து மற்றது புடைத்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகும், உள்ளே தப்பு அப்படியே இருக்குமே, அதுபோல. மூன்று கல்லை மாற்றி மாற்றித் தேய்த்தால் சரியாகும், நேரம் யாரிடம்? வைரத்தூள் பதித்த தகடு நல்லதுதான், வேகமும் கூட. ஒரே ஒரு கத்திக்கு அந்த விலை கொடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் கண்ணாடிக்கடையில் 10 மி.மீ. துண்டு, ஹார்டுவேர் கடையில் 220 நம்பர் வாட்டர் பேப்பர். கண்ணாடிமேல் தாளை ஈரத்தில் ஒட்டவைத்து, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேய்த்தேன். ஓரக்கோடுகள் முதலில் அழிந்தன, நடுக்கோடு அரைமணி நேரம் அடம்பிடித்தது. முடிந்ததும் கல்லை நன்றாகக் கழுவ வேண்டும். ஒட்டிய ஒரு பருமணல் போதும், கத்தி விளிம்பு பல்பல்லாகிவிடும்.

நேற்று தீட்டினேன். முழுநீளமும் கை முடியை எடுக்கிறது. கன்னத்தில் வைக்க இன்னும் தைரியம் வரவில்லை.