ஒட்டுப்போர்வைக்குத் துணி தேடி

கண்டாச்சிபுரத்தில் நான் பார்க்கப்போன தையல்கார அக்காவின் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு இருக்கிறது. ரவிக்கை வெட்டும்போது கைக்குழியிலும் கழுத்திலும் விழும் துண்டுகளெல்லாம் அதற்குள் போகின்றன. முகூர்த்த நெரிசல் ஓய்ந்து ஆடி பிறந்ததும் சாக்கைக் கவிழ்த்து ஒட்டுப்போர்வை தைக்க உட்காருவார். சதுரமாக வெட்டி, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து, தையலைத் தேய்த்துப் படியவைத்த பிறகே அடுத்த வரிசை. அந்தக் கால் அங்குலத்தில் ஒரு நூல் பிசகினாலும் பத்தாவது வரிசையில் மூலையோடு மூலை சேராது.

நிறத்துக்குச் சாக்கு போதும், போர்வைக்குப் போதாது. பல நிறச் சதுரங்களைக் கட்டிநிறுத்த ஒரே நிறத்தில் இரண்டு மூன்று மீட்டர் வேண்டும். அடித்துணி வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய கடைகள் உண்டு. ஒட்டுப்போர்வைக்குப் பேர்போன பதூக்கா என்ற ஊரை 2013இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நம் பக்கம் அப்படிக் கடை கிடையாது. ஆனால் துணிக்குப் பஞ்சமில்லை, இடம் தெரிய வேண்டும்.

அக்காவோடு விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மாடி மாடியாக நிற்கும் ஜவுளிக்கடைகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அங்கே புடவைக்கும் ரெடிமேடுக்கும்தான் இடம். மீட்டர் துணி ஒரு மூலையில் கிடக்கும். அவர் நுழைந்தது மேட்சிங் சென்டருக்குள். பத்தடி அகலக் கடை, தரையிலிருந்து கூரைவரை ரவிக்கைத் துணி. பச்சை மட்டும் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாந்துளிர் என்று ஒரு அலமாரி முழுக்க இறங்குகிறது. ஒட்டுப்போர்வைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய கடை தேவையில்லை என்றே எனக்குத் தோன்றியது.

கடைக்காரர் 'டூ பை டூ' என்று எடுத்துப் போட்டார். பாவிலும் ஊடையிலும் இரட்டை நூல் ஓடும் துணி. பெயர் அதுவாக இருந்தாலும் கலப்பு வருகிறது. அக்கா ஓரத்தில் நாலு இழை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"கொளுத்திப் பாரும்மா. சாம்பலா உதிர்ந்தா பருத்தி. மணி மாதிரி உருண்டா வேணாம், இஸ்திரி சூடு தாங்காது."

சிவப்பையும் மெரூனையும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்தார். சாயம் விட்டால் பக்கத்துச் சதுரம் பாழ். வாங்கியதையும் இரவு முழுக்க ஊறவைத்து, காயவைத்துத்தான் கத்தரி போடுவார். சுருங்குவது வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிட வேண்டும்.

நடுவில் வைக்க இலவம் பஞ்சு சரிப்படாது, ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பழைய நூல் புடவைகளை அடுக்குகிறார். பலமுறை துவைத்த புடவை இனிச் சுருங்காது.

அடித்துணிக்கு முன்பெல்லாம் புதுச்சேரி போவார்களாம். அங்கே 1898இல் தொடங்கிய ரோடியர் துணி மில் 2020இல் மூடப்பட்டது. இத்தனை தையல்காரர்கள் இருக்கிற வட்டாரத்தில் அது சிறிய இழப்பல்ல.

இப்போது அடித்துணிக்கு நான் கைகாட்டுவது ஈரோட்டை. திங்கள் இரவே தொடங்கி செவ்வாயில் முடியும் ஜவுளிச் சந்தை, போர்வை நெசவுக்குப் பேர்போன சென்னிமலையும் கிட்டத்திலேயே. திருப்பூருக்கு இதற்காகப் போக வேண்டாம்: அங்கே பெரும்பாலும் பனியன் துணி, இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது. ஈரோட்டில் தேட வேண்டியது அகலத் துணி. 60க்கு 90 அங்குலப் போர்வைக்கு 44 பன்னாவில், அதாவது 44 அங்குல அகலத்தில், 5 மீட்டர் வாங்கி நடுவில் ஒட்டுப்போட வேண்டும். 108 பன்னா கிடைத்தால் ஒன்றே முக்கால் மீட்டரில் ஒட்டே இல்லாமல் முடிந்துவிடும்.

மொத்தச் சந்தையில் முழுச் சுருளாக, தான் கணக்கில்தான் தருவார்கள், மீட்டர் கணக்கில் கிழிக்க மாட்டார்கள். ஒரு தையல்காரருக்கு ஒரு தான் அதிகம். முகையூரிலும் வேட்டவலத்திலும் ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் கிடைத்தால் பங்குபோட்டு எடுக்கலாம் என்றேன். அக்கா கணக்கு நோட்டைத் திருப்பி, பின் அட்டையில் பெயர்களை எழுதத் தொடங்கினார். மூன்று பேர் தேறினார்கள். நாலாவது ஆளைத் திருக்கோவிலூரில் விசாரிக்கச் சொன்னார்.